வெளியே போன அடுப்புகள்

பெரியம்மாவின் ஒரு கண்ணுக்காக எங்கள் லயத்தில் ஒரு மாதம் யாருமே வீட்டுக்குள் அடுப்பு மூட்டவில்லை என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. "சும்மா கதை விடாதீங்கம்மா" என்கிறார்கள். கேஸ் அடுப்பில் வளர்ந்ததுகளுக்கு என்ன தெரியும்?

நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. லயம் என்றால் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு நடுவில் சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் லயமே மூக்கை உறிஞ்சும். ஒரு வீட்டில் சண்டை என்றால் லயமே நியாயம் சொல்லும். புகையும் அப்படித்தான், எல்லாருக்கும் பொது.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. எங்கள் லயத்திலேயே கடைசிக்கு முந்தின வீடு. சின்ன வயதில் விறகு பொறுக்கும்போது தேயிலைக் குச்சி குத்தி அவளுக்கு ஒரு கண் போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் புரை விழுந்து, கொழுந்து எது, முற்றல் எது என்று தெரியாமல் கங்காணியிடம் ஏச்சு வாங்கிய பிறகுதான் பெரியப்பா அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "அம்மா, இனி நீங்கள்தான் கவனமா இருக்க வேணும். குனியாதேங்கோ, பாரம் தூக்காதேங்கோ, கண்ணைக் கசக்காதேங்கோ. புகைப் பக்கம் போகவே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார்.

"புகையில்லாத எடத்துக்கு நான் எங்கங்கய்யா போவேன்?" என்று கேட்டாளாம் பெரியம்மா. பாவம், நியாயமான கேள்விதானே!

பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அவள் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார் பெரியப்பா. கறுப்புக் கண்ணாடியோடு இறங்கியவளைப் பார்த்த பெண்கள், "கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படிப் புடிக்கலையேண்ணே!" என்று அவரைக் கேலி செய்தார்கள். தேத்தண்ணிகூடத் தானாக ஊற்றிக் குடித்தறியாத மனுஷன், அன்றைக்கே அடுப்பைப் புறக்கடைக்குக் கொண்டுபோய், உரப்பைகளைக் கிழித்துக் கூரை போட்டு, சோறு என்ற பெயரில் ஒன்றை ஆக்கி இறக்கினார். எனக்குப் பள்ளிக்கூட லீவு. பெரியவர்கள் வேலைக்குப் போனபின் பெரியம்மா குனியாமல் பார்த்துக்கொள்ளும் காவல் உத்தியோகம் எனக்கு.

அன்று சாயங்காலமே சுவருக்கு மேலாகப் புகை இறங்கிவிட்டது. அடுத்த வீட்டு அத்தையின் அடுப்பு. அவளிடம் யார் போய்ச் சொல்வது? இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சில வருஷத்துக்கு முன்னால், பெரியம்மா மகள் பெரியவளான சடங்கில், வந்த பெண்களுக்கெல்லாம் குங்குமத் தட்டை நீட்டிக்கொண்டு வந்த பெரியம்மா, ஓரமாக நின்ற அத்தையை மட்டும் தாண்டிப் போய்விட்டாள். அத்தையின் புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய்த் தகவலே இல்லாத நேரம் அது. "அப்ப என்னைய தாலியறுத்தவன்னு முடிவே பண்ணிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு இலையில் உட்காராமல் போனவள்தான். அவள் சாப்பிடாமல் போனதில் பெரியம்மாவுக்கு ரோஷம். அதோடு சரி.

பெரியப்பா சுவரைப் பார்த்து, லயத்துக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். "டாக்டர் சொல்றாரு, இந்தப் பொரை நேத்து இன்னிக்கி வந்ததில்லையாம். வருஷக்கணக்கா வளந்திருக்காம். எதிர்ல நிக்கிற ஆளையே தெரியாமத்தான் இத்தன நாளும் நடமாடியிருக்கா. இருக்கிறதே ஒரு கண்ணு. அதுவும் போச்சின்னா நாங்க என்ன பண்றது?"

சுவருக்கு அந்தப் பக்கம் எரிகிற அடுப்பில் தண்ணீரைக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் விடியும்போது அத்தை கொட்டுகிற மழையில், தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு, புறக்கடையில் மூன்று கல்லை வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். ஈர விறகு. வாயில் வசவு. "சனியம் புடிச்ச மழை!" என்று மழையைத் திட்டினாள், விறகைத் திட்டினாள், குறுக்கே வந்த கோழியைத் திட்டினாள். ஜென்மப் பகைக்காரியே அடுப்பை வெளியே வைத்தபின் மற்றவர்கள் உள்ளே ஊத முடியுமா? இரண்டு நாளில் லயம் முழுக்க அடுப்புகள் வெளியே வந்துவிட்டன. யாரும் கூட்டம் போடவில்லை, தீர்மானம் எழுதவில்லை. என்ன சனங்கள் அவர்கள்! இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பெரியம்மா ராணி மாதிரி சாய்ந்திருந்தாள். நான் நேரத்துக்குச் சொட்டு மருந்து விட்டேன். ஒருநாள் மருந்துப் புட்டி என் கைதவறிக் கட்டிலுக்கடியில் உருண்டது. நான் எழும்புவதற்குள் பழக்கதோஷத்தில் பெரியம்மாவே குனியப் போனாள்.

"மதினி! குனியாதீங்க!"

பின்கதவில் அத்தை. கையில் அகப்பை. பெரியம்மா பாதியில் அப்படியே நின்றாள். அத்தை விறுவிறுவென்று உள்ளே வந்து, புட்டியை எடுத்து என் கையில் திணித்து, "காவக்காரிய பாரு, காவக்காரிய!" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, வந்த வேகத்தில் போய்விட்டாள். எனக்கு வலித்தது. பெரியம்மாவோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாகக் காட்டிவிட்டு வந்த அன்று, கண் நன்றாக இருக்கிறது, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேரே புறக்கடைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அத்தை அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள். பெரியம்மா அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னடி இப்படி எளைச்சிப் போயிட்ட?"

"நான் எளைச்சி எத்தனையோ வருஷமாச்சி மதினி."

"அன்னிக்கு சடங்குல நீ நின்னது எனக்குத் தெரியவே இல்லடி. சாமி சத்தியமா தெரியல."

"தெரியும் மதினி. அண்ணே சொவரப் பாத்துக் கத்துனாரே, அன்னிக்கே எனக்கு வெளங்கிருச்சி."

பெரியம்மா உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்து, தன் கையாலேயே அத்தையின் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். பெரியப்பா, "அழாதீங்கடி, கண்ணு! கண்ணு!" என்று சுற்றிச் சுற்றி வந்தார்.

கண்தான் நன்றாகிவிட்டதே, பிறகு எதற்கு அழுகிறார்கள்? கிட்டே எரிந்த அடுப்பின் புகைதான் பட்டுவிட்டது என்று நினைத்து, சொட்டு மருந்தை எடுக்க நான் வீட்டுக்குள் ஓடினேன்.