வி ஃபார் வில்லியனூர்

“மல்லிகா... நம்ம மதாம் பூட்டாங்க.”

காலையில் பழைய கம்பெனி செல்வம் அண்ணன் போன் பண்ணிச் சொன்னார். சாயங்காலம் அடக்கமாம்.

மதாம் என்றால் ஜோஸ்பின் அக்கா. புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் பம்புக்கு ரப்பர் வாஷர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. அங்கே போன், டைப்பிங், பார்சல் புக்கிங் எல்லாம் அவர்தான்.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதனால் நாங்கள் வைத்த பெயர் மதாம்... பாதி மரியாதை, பாதி கிண்டல்.

சுனாமிக்கு முந்தின வருஷம் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்திலேயே முதல் இங்கிலீஷ் மீடியம் நான்தான். திமிருக்குக் கேட்கணுமா!

மதாம் வாயில் ‘ஹ’ வராது. போனை எடுத்தால் “அலோ”. ஹவுசிங் போர்டு அவருக்கு அவுசிங் போர்டு.

ஆனால் இங்கிலீஷோடு அவருக்கும் ஒரு வழக்கு இருந்தது. ‘ரிசீட்’ என்று டைப் அடிக்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார். “இந்த ‘பி’ இங்க என்னா பண்ணுது? ஒரு வேலையும் செய்யாது... மாசம் பொறந்தா சம்பளம் மட்டும் வாங்கும்.”

சொல்லிவிட்டு ஸ்டோர்ஸ் செல்வம் அண்ணனை ஒரு பார்வை பார்ப்பார். “ஏன் மதாம், என்ன ஏன் பாக்குறீங்க?” என்று அவர் எழுந்து போய்விடுவார்.

இன்னொரு நாள் சொன்னது... “பிரெஞ்சுக்காரன் கடைசி எழுத்த முழுங்குவான். இங்கிலீஷ்காரன் நடு எழுத்த முழுங்குவான். நம்மாளு எழுதாததையும் சேத்து சொல்லுவான். பஸ்ஸு, பில்லு, இஸ்கூலு!”

எங்கள் வாஷருக்கெல்லாம் இங்கிலீஷ் எழுத்துதான் அடையாளம். பி, டி, வி எல்லாம் போனில் ஒரே மாதிரிதான் கேட்கும். அதற்கு மதாமிடம் ‘ஏ ஃபார் ஆப்பிள்’ கிடையாது, ‘பி ஃபார் பால்’ கிடையாது. எல்லாம் நம்ம பக்கத்து ஊர்ப் பெயர்தான்.

“வி ஃபார் வில்லியனூர்... பி ஃபார் பாகூர்... என் ஃபார் நோணாங்குப்பம்.” ராஜ்கோட்டோ கல்கத்தாவோ, எந்த பார்ட்டி பேசினாலும் இதேதான். நான் சேரும்போதே ஒன்பது வருஷமாக.

ஒரு நாள் சாப்பாட்டு நேரம். நான் அவர் சீட்டில் உட்கார்ந்து, ரிசீவரைக் காதில் வைத்து, “அலோ... வி ஃபார் வில்லியனூர்...” என்று அப்படியே அவர் மாதிரியே செய்து காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே வந்த முதலாளியும் சிரித்தார்.

கழுவிய டிபன் பாக்ஸோடு மதாம் வாசலில் நின்றிருந்தார்.

முதலாளி அதோடு விடவில்லை. “இனிமே போன நீயே எடும்மா. ஸ்டாண்டர்டா இருக்கும்” என்று என்னிடம் சொல்லிவிட்டார். மறுநாள் போன் என் டேபிளுக்கு வந்துவிட்டது. மதாம் டைப்ரைட்டரை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அன்றைக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்லணும் இல்லையா.

அந்த சந்தோஷம் நான்கு நாள்கூட நிற்கவில்லை. ராஜ்கோட் பார்ட்டியின் கிளார்க்கிடம் “வி ஃபார் விக்டர்” என்றேன். “விக்டர் கோன்?” என்றார். விக்டர் யாராம்! “வில்லியனூர் போலோ, மேடம்!” வில்லியனூர் என்றே சொல்லணுமாம்.

புதுச்சேரிப் பக்கமே வராத மனுஷன். நம்ம ஊர்ப் பெயரையெல்லாம் எழுதி எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாராம். கல்கத்தாவிலும் அதே கதை. “பழைய மேடம் எங்கே?” என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

‘டி’யை ‘பி’ என்று நான் எழுதி, ஒரு பெட்டி வாஷர் கல்கத்தா வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பெட்டியைப் பிரித்து, சரியான வாஷரைப் போட்டு, மறுபடியும் புக் பண்ணினது மதாம்தான். முதலாளி காதுக்குப் போகவே இல்லை.

அன்று சாயங்காலம் போனைத் தூக்கிக்கொண்டு போய் அவர் டேபிளில் வைத்தேன். “அக்கா, இது இங்கயே இருக்கட்டும்.”

“வயர் கால்ல மாட்டும், பாத்து வை” என்றார். அவ்வளவுதான்.

அப்போதே ஸாரி சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதற்கப்புறம் மூன்று வருஷம் எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டோம்... சொல்லவே இல்லை.

இன்றைக்கு உப்பளம் ஏரியாவில் இருக்கிற அவர் வீட்டுக்குப் போனேன். மாலையை வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். மதாமின் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, “நீ யாரும்மா?” என்றார். பெயரைச் சொன்னேன்.

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “மல்லிகாவா! மொதலாளி போன புடுங்கினப்போ திருப்பிக் கொண்ணாந்து வச்ச பொண்ணு நீதானா? ஒன்னப் பத்தி சொல்லிக்கினே இருப்பாம்மா...”

முதலாளி பிடுங்கியது மட்டும்தான் அவருக்குத் தெரியும். ஏன் பிடுங்கினார் என்று அக்கா வீட்டில் சொல்லவே இல்லை. இத்தனை வருஷமாக.

“ஆமாங்கய்யா” என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல?

அக்கா... அந்தப் போன் உங்களை விட்டுப் போனதே என்னாலதான். மன்னிச்சுடுங்க.

நல்லபடியா போய் வாங்கக்கா.