அப்பாவுக்கு முதலில் திரும்பி வந்த மொழி

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு காலை, வேலைக்குப் புறப்பட்டுச் சப்பாத்துப் போடக் குனிந்த அப்பா அப்படியே கதவோரம் சரிந்துவிட்டார். மிசிசாகாவில் விமானச் சரக்கு ஏற்றுகிற வேலை அவருக்கு. பாரிசவாதம் என்றார்கள். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு முற்றாக நின்றுபோனது.

நான்காம் நாள் பேசினார். அம்மா ஓடிப்போய் முகத்துக்குக் கிட்டக் குனிந்தாள். தட்டுத்தடுமாறி, ஆனால் நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மூளையில் அடிபட்டால் ஆட்கள் சொந்தமாக ஒரு மொழியை உண்டாக்கிக்கொள்வார்கள் போல என்று நினைத்தேன். அம்மா மெல்ல நிமிர்ந்தாள்.

"உது சிங்களமெல்லோ," என்றாள்.

எங்கள் வீட்டுக்குள் அந்த மொழி வந்ததே இல்லை. அம்மாவின் தம்பியை ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. அன்று வாசலில் நின்றவர்கள் பேசியது சிங்களம்தான். கலியாணத்துக்கு முன்னர் அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தவர் என்பது அம்மாவுக்குத் தெரியும். சாமான் விற்கிற அளவுக்குத்தான் சிங்களம் தெரியும் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரி ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை அனுப்பியது. அவர் கட்டிலருகே கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, "அக்கா, நான் தமிழுக்குத்தான் வந்தனான்," என்று பாவமாகச் சொன்னார். வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே. டொக்டர் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். பல மொழி தெரிந்தவரின் மூளையில் அடிபட்டால் எது முதலில் திரும்பும் என்று சொல்ல முடியாதாம். தாய்மொழியாகவும் இருக்கலாம், தினமும் பேசிய மொழியாகவும் இருக்கலாம், இருபது வருடமாக வாயில் வராத ஒன்றாகவும் இருக்கலாமாம்.

"மனசுக்குக் கிட்ட இருக்கிறதுதானே தம்பி முதல்ல வரும்?"

"அப்பிடி இல்லையாம் அக்கா. விருப்பத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையாம்."

அம்மா நம்பவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையை யன்னலடிக்கு இழுத்துக்கொண்டாள். அப்பா ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ரிதெனவா, ரிதெனவா." கண்ணால் நீர் வடிந்தது. இரண்டு நாள் அம்மா அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. மூன்றாம் நாள் காலை என் கையைப் பிடித்துக்கொண்டு எட்டாம் மாடிக்குப் போனாள்.

மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்தின் எட்டாம் மாடியில் ஒரு சிங்கள அன்ரி தனியாக இருந்தார். லிஃப்டில் அவர் சிரித்தால், அம்மா மாடி எண்கள் மாறுவதை வெகு கவனமாகப் பார்ப்பாள். அந்தக் கதவைத்தான் தட்டினாள். அம்மாவுக்கு ஆங்கிலம் சொற்பம். "பிளீஸ், மை ஹஸ்பண்ட்," என்றதோடு நின்றுவிட்டாள். மிச்சத்தை நான் சொன்னேன். அன்ரி அடுப்பை நிறுத்திவிட்டுக் கோட்டை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் அவர் சிங்களத்தில் பேசியதும் அப்பாவின் முகம் தெளிந்தது. வலது தோள் நோகிறதாம். அவ்வளவுதான். தாதி வந்து, தொங்கிக் கிடந்த கைக்குக் கீழே ஒரு தலையணையை வைத்தாள். அப்பா அமைதியானார்.

பிறகு இடது கையால் அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ சொன்னார். அன்ரியின் கண் கலங்கியது. அம்மா யன்னலடியிலிருந்து எழுந்து வந்தாள்.

"என்னவாம்? கேள் பிள்ளை."

அன்ரி எனக்கு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரத்தின்போது கொழும்பில் ஒரு சிங்களக் குடும்பம் அப்பாவை ஆறு நாள் ஒளித்து வைத்ததாம், குசினிக்கு மேலே, கூரைக்கடியில். தேடி வந்தவர்களிடம் அவர் அகப்படவேயில்லையாம். இப்போது அன்ரியைத்தான் அந்த வீட்டு அம்மா என்று நினைத்து நன்றி சொல்லுகிறாராம்.

கலவரத்துக்கு அன்ரி சொன்ன ஆங்கிலச் சொல் எனக்கு விளங்கவில்லை, அதை விட்டுவிட்டேன். ஒளிப்பதும் தேடுவதும் நன்றாகத் தெரியும், பள்ளிக்கூட மைதானத்தில் தினமும் செய்கிற காரியம். பெருமையோடு மொழிபெயர்த்தேன்.

"அப்பா கொழும்பில ஆறு நாள் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடினவராம். குசினிக்கு மேல ஒளிச்சவராம். ஒருத்தராலயும் கண்டுபிடிக்க ஏலாமல் போச்சுதாம். அப்பாதான் வின் பண்ணினவராம்!"

அம்மா சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"இஞ்சாருங்கோ, இவ்வளவு காலமும் எனக்கொரு சொல் சொல்லேல்லையே," என்று அப்பாவின் நெற்றியைத் தடவினாள். அவர் சிங்களத்தில் ஏதோ பதில் சொன்னார். அது என்னவென்று அவள் கேட்கவில்லை. எழுந்துபோய்த் தன் கதிரையைத் தூக்கிவந்து அன்ரியை அதில் இருத்தினாள்.

மூன்றாம் கிழமை தமிழ் வந்தது, சொல் சொல்லாக. சிங்களம் வந்த வழியே போய்விட்டது. வீட்டுக்கு வந்த அப்பா பொல்லோடு நடை பழகினார். ஆறு நாள் அகப்படாத வீரரை நான் சும்மா விடுவேனா?

"அப்பா, நீங்கள் ஒளியுங்கோ. நான் தேடுறன்," என்றேன் ஒரு பின்னேரம்.



"வேண்டாம் பிள்ளை. நீ ஒளி. நான் தேடுறன்."

கோட்டுகள் தொங்கும் அலுமாரிக்குள் புகுந்துகொண்டேன். பொல்லின் சத்தம் அறை அறையாக வந்தது. கதவைத் திறந்தவர் நல்ல கையால் என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்தார், வெகுநேரம் விடவில்லை. கண்டுபிடித்த சந்தோஷம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் எத்தனையோ தரம் கெஞ்சியிருக்கிறேன். ஒருமுறைகூட அவர் ஒளியச் சம்மதிக்கவில்லை. என்னிடம் தோற்றுவிடப் பயம் என்று சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்தேன்.