மகளுக்காக வாங்கிய ஏசி கார்

எங்கள் மகளுக்கு வேர்க்காது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அது எங்களுக்குப் புரிய நாலு வருஷம் ஆயிற்று.

எண்பதுகளின் ஆரம்பம் அது. கடத்தூரில் கார், லாரி வேலை பார்க்கும் ஷெட் ஒன்று வைத்திருந்தேன். வீடு ஷெட்டுக்குப் பின்னாலேயே. மார்ச் பிறந்தால் போதும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிடும். மலேரியா என்றார்கள், டைபாய்டு என்றார்கள், ஊசி போட்டார்கள். மத்தியானம் அனலாகக் கொதிக்கும் உடம்பு பொழுது சாய்ந்தால் தானாகக் குளிர்ந்துவிடும். இதை முதலில் கவனித்தவள் என் மனைவி. ஒரு நாள் காய்ச்சலில் துவண்டு கிடந்தவளைத் தூக்கிப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார வைத்துவிட்டாள். காய்ச்சல்காரப் பிள்ளையை இப்படிச் செய்கிறாளே என்று நான் சத்தம் போட்டேன். கால் மணி நேரத்தில் குழந்தை தண்ணீரை அடித்து விளையாட ஆரம்பித்தது.

"இவளுக்கு வேர்க்கறதே இல்லீங்க. நானும் ரெண்டு வருசமா பாக்கறேன். கழுத்துல, அக்குள்ல எங்கயும் பொட்டு ஈரம் கெடையாது" என்றாள்.

வேலூரில் டாக்டரும் அதையேதான் சொன்னார். வேர்வைச் சுரப்பி இல்லாமல் பிறந்த குழந்தை. முடி பஞ்சு மாதிரி மெலிந்திருப்பதும், முளைத்த நாலைந்து பல்லும் கூர்கூராக இருப்பதும் அதனால்தான். மருந்து கிடையாது. மற்றபடி நன்றாக வளர்வாள், படிப்பாள். சூடு மட்டும் ஆகாது. "குளிர்ச்சியான இடத்துல வச்சுக்குங்க" என்றார். தர்மபுரிப் பக்கம் ஏப்ரல், மே மாதத்தில் அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பகல் முழுக்கக் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கும். வந்தாலும் ஃபேன் இறக்கை எண்ணிவிடலாம் போலச் சுற்றும்.

அடுத்த வருஷம் அந்தக் கார் ஷெட்டுக்கு வந்தது. கல் குவாரி வைத்திருந்த ஒருவருடைய பழைய வெளிநாட்டுக் கார். உள்ளே டாஷ்போர்டுக்கு அடியில் ஏசி பெட்டி தொங்கியது. குளிர்ப் பிரதேசத்துக்காகச் செய்த வண்டி என்பதால் ஹீட்டரும் இருந்தது.

"அந்த ஏசி செத்து ரொம்ப நாளாச்சுங்க. கழட்டிப் போட்டுட்டு வண்டிய மட்டும் ஓடற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார் குவாரிக்காரர்.

நான் கழற்றவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு அந்தக் காரையே அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என்ஜின் எனக்குத் தெரியும். ஏசி தெரியாது. கம்ப்ரெசரைச் சுற்றும் பெல்ட் வெடித்திருந்தது, மாற்றினேன். ஸ்விட்சைப் போட்டதும் டக்கென்று ஒரு சத்தம், கம்ப்ரெசர் சுற்றியது. ஆனால் பெட்டியிலிருந்து வந்தது வெறும் காற்று. உள்ளே கேஸ் இல்லை. பெங்களூரில் கார் ஏசி வேலை பார்க்கும் ஒருவரைக் கேள்விப்பட்டு அவரிடம் ஓட்டிப் போனேன். "கேஸ் ரொப்பறது பெரிசில்ல. எங்க ஒழுகுதுன்னு மொதல்ல நோடணும், பாக்கணும்" என்று கன்னடம் கலந்து சொல்லி, காற்றை ஏற்றி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரையைத் தடவினார். ஒரு ரப்பர் குழாயின் முனையில் நுரை ஊதிப் பெருத்தது. குழாயை மாற்றி கேஸ் ஏற்றியபின், பைப்பில் இருந்த சின்னக் கண்ணாடியைக் காட்டினார். ஏசி ஓடும்போது அதற்குள் குமிழி ஓடினால் கேஸ் குறைகிறது என்று அர்த்தம். தெளிவாக இருந்தால் கவலையில்லை.

ஊருக்கு வந்து மறுநாள் உச்சி வெயிலில் மனைவியையும் மகளையும் உட்கார வைத்துக் கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டேன். குழந்தை பெட்டியின் முன்னால் முகத்தைக் கொண்டுபோனாள். சட்டென்று பின்வாங்கினாள்.

"அப்பா, காத்து கடிக்குதுப்பா!"

என் மனைவி அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அதிலிருந்து வெயில் காலம் முழுக்க, பள்ளி இல்லாத மத்தியானங்களில் ஷெட்டுக்குப் பக்கத்துப் புங்க மரத்தடியில் அந்தக் கார் உறுமிக்கொண்டே நிற்கும். உள்ளே அவள் படம் வரைவாள், தூங்குவாள், கண்ணாடிக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்துக்கொள்வாள். தினமும் நான் பானெட்டைத் திறந்து அவளைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பைப்பில் இருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடியை உற்றுப் பார்த்துவிட்டு "இன்னிக்கி குமிழி இல்ல" என்று சொன்னால்தான் வேலை முடிந்தது. ஒரு தடவை ஏசி பெட்டியிலிருந்து தண்ணீர் வெளியே போகாமல் உள்ளேயே சொட்டி என் மனைவியின் காலெல்லாம் ஈரம். பார்த்தால் வடிகுழாய்க்குள் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. கம்பியை விட்டுக் குத்தி எடுத்தேன். இப்படிச் சின்னச் சின்னதாக ஏதாவது வரும், நான் சரிசெய்வேன். எனக்கு அதில் ஒரு பெருமை ஏறிவிட்டது. கடவுள் கொடுக்க மறந்ததை நான் கையால் செய்து கொடுத்துவிட்டதாக நினைத்தேன்.

நின்ற இடத்திலேயே ஓடும் வண்டியில் ஒரு சிக்கல் உண்டு. எதிர்காற்று இல்லாததால் என்ஜின் சூடேறும். என்ஜின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டருக்கு முன்னால் அதே மாதிரி சல்லடையாக இன்னொன்று இருக்கும். காருக்குள்ளிருந்து ஏசி இழுக்கும் சூடு அதன் வழியாகத்தான் வெளியே போகும். டாஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறினால் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து முன்பக்கம் அடிப்பேன். உடனே இறங்கிவிடும். பக்கத்தில் கடலை உடைக்கும் களம். அதன் தூசியும் தோலும் சதா பறந்து வரும். வாரம் ஒரு முறை முன் சல்லடையை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவேன். அது போதும் என்றிருந்தேன்.

இரண்டு கோடை காய்ச்சலே இல்லாமல் போயின. அவளுக்கு ஏழு வயது ஆனது. பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுத்தபோது வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். போட்டோவைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, "எனக்குப் பல்லு வச்சுத் தருவாங்களாப்பா?" என்று கேட்டாள்.

சேலத்தில் ஒரு பல் டாக்டர் செய்து தருவதாகச் சொன்னார். மூன்றாவது கோடையில், மே மாதம், விடியற்காலையில் கிளம்பிப் போனோம். டாக்டர் மெழுகைக் கடிக்கச் சொல்லி அச்செடுத்தார். அந்த மெழுகில் ஒரு துண்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த எல்லோரிடமும் காட்டினாள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது.

"வெயில் தாழ்ந்தப்பறம் போலாங்க. இங்கயே ஃபேனுக்கடியில உக்காந்திருந்துட்டுப் போலாம்" என்றாள் என் மனைவி.

"ஏசி வண்டியில போறதுக்கு வெயிலென்ன, மழையென்ன?" என்றேன்.

அவள் மறுபடி சொல்லவில்லை.

ஓமலூர் தாண்டும்வரை வண்டி ஜில்லென்று வந்தது. குழந்தை பின்சீட்டில் அம்மா மடியில் தலைவைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். தொப்பூர் கணவாய் ஏற்றம் ஆரம்பித்தது. முன்னால் பாரம் ஏற்றிய லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. முந்த வழியில்லை. அவற்றின் பின்னாலேயே நானும் முதல் கியரில் ஊர்ந்தேன். பாதி ஏற்றத்தில் சூட்டு முள்ளைப் பார்த்தேன். சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஏசியை நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கச் சொன்னேன். வெளியே பாறையில் அடித்துத் திரும்பிய காற்று அடுப்பு வாயிலிருந்து வருவது போல உள்ளே வந்தது. முள் இறங்கவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"ஒன்னுமில்ல. மேல போனதும் சரியாயிடும். பாப்பா மேல தண்ணி ஊத்து."

கேனில் இருந்த தண்ணீரை எல்லாம் அவள் துண்டில் ஊற்றி நனைத்துக் குழந்தையின் மேல் போட்டாள். அது காய்வதை எனக்கு மேலே இருந்த பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.

நிறுத்தலாம். நிறுத்தினால் என்ஜின் ஆறி மறுபடி கிளம்ப ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த இடத்தில் மரம் இல்லை, தண்ணீர் இல்லை. மேலே போனால் டீக்கடை, தொட்டி, நிழல் எல்லாம் உண்டு. இரண்டு மைல்கூட இருக்காது. ஆனால் அதற்குள் என்ஜின் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டால் நடுமலையில் நிற்க வேண்டியதுதான். எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. ஹீட்டரைத் திறந்துவிட்டால் என்ஜினில் கொதிக்கும் தண்ணீர் உள்ளே இருக்கும் ஹீட்டர் பெட்டிக்குள்ளும் சுற்றிவரும். ஃபேன் அந்தச் சூட்டைக் காருக்குள் தள்ளிவிடும். என்ஜின் கொஞ்சம் மூச்சு விடும். எத்தனையோ பேருக்கு இந்த யோசனையை நான் சொல்லியிருக்கிறேன்.

ஹீட்டர் லீவரை இழுத்தேன். துருவேறி இறுகிக் கிடந்தது. பலம் கொண்ட மட்டும் இழுத்துத் திறந்தேன்.

"ஏங்க, அனலா அடிக்குதுங்க!" என்று கத்தினாள். "பாப்பாவுக்கு அடிக்குது!"

"பத்து நிமிசம். பத்தே நிமிசம் பொறுத்துக்க."

முள் இறங்கியது. நான் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவள் தன் முந்தானையால் குழந்தைக்கு விசிறிக்கொண்டே "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பாட்டு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

மேலே வந்து டீக்கடை முன்னால் நிறுத்தினோம். கடைக்காரர் கேட்காமலேயே வாளியை எடுத்து வந்தார். குழந்தையைத் தொட்டி ஓரத்தில் கிடத்தித் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினோம். கண் பாதி திறந்திருந்தது. உடம்பு இரண்டு தடவை வெட்டி வெட்டி இழுத்தது. வண்டி நன்றாக ஓடும் நிலையில்தான் இருந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரி வரைக்கும் நிற்காமல் ஓட்டினேன். அங்கே ஐஸ் கட்டி வாங்கி வந்து வைத்தார்கள். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். அவள் கண் விழிக்கவே இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்விட்டாள்.

கடத்தூரில் கல்லறைக்குக் கொண்டுபோகும்போதும் வெயில் கொளுத்தியது. வேர்க்க வேர்க்க நடந்தேன். வேர்வையைத் துடைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு மாதம் போல இருக்கும், சேலத்து டாக்டரிடமிருந்து பல் தயாராகிவிட்டது என்று கார்டு வந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டு பைபிளுக்குள் வைத்தாள். அன்று சாயந்திரம்தான் முதல்முறையாகக் கேட்டாள்.

"அந்த அனல் காத்த எதுக்குப் போட்டீங்க?"

எல்லாம் விளக்கிச் சொன்னேன். என்ஜின், தண்ணீர், ஹீட்டர் பெட்டி. கடைசிவரை கேட்டாள்.

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றாள். அதற்கு அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த முள் ஏன் ஏறியது என்பது எனக்கே அதுவரை தெரியாது. மறுநாள் காரின் முன்பக்கத்தைப் பிரித்தேன். ஏசி சல்லடையையும் ரேடியேட்டரையும் தனித்தனியாகக் கழற்றினேன். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த இடைவெளி முழுக்க மண் அப்பி, செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. கடலைத் தோலும் தூசியும் செம்மண்ணும். தூசி மட்டும் என்றால் காற்றில் பறந்திருக்கும். அதை நனைத்துக் குழைத்துப் பூசியது நான் அடித்த தண்ணீர். சமதரையில் வேகமாகப் போகும்போது எப்படியோ சமாளித்திருக்கிறது. ஏற்றத்தில் ஊர்ந்தபோது காற்று புகவே வழியில்லை.

இதை அவளிடம் மறைக்க என்னால் முடியவில்லை. பெயர்ந்த மண்ணைக் கையில் எடுத்துப் போய்க் காட்டினேன். சமையல்கட்டில் இருந்தவள் வாங்கிப் பார்த்தாள்.

"நான் ஊத்துன தண்ணிதான்" என்றேன்.

"பாப்பாவுக்குன்னுதான ஊத்துனீங்க" என்றாள். அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் ஏரியூரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாலு மாதம் நான் போய்க் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு போவது? அவள் என்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் போனாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை பிடித்தபின் ஒரு நாள் பஸ் ஏறிப் போனேன். அவள் களத்தில் கேழ்வரகுக் கதிரை மூடி வைத்துக்கொண்டிருந்தாள். மிகவும் இளைத்திருந்தாள். தார்ப்பாயின் இன்னொரு முனையை நான் பிடித்தேன். மழை வலுக்கவும் இருவரும் மாட்டுக் கொட்டகையில் ஒதுங்கினோம்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும். எனக்குத்தான் உங்க மூஞ்சில முழிக்கப் பயமா இருந்துச்சு" என்றாள்.

"உனக்கு என்ன பயம்?"

"வெயில் தாழப் போலாம்னு அன்னிக்கி ஒரே ஒருக்காதான் சொன்னேன். இன்னொருக்கா சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்க. பெத்தவ நான், அடம் புடிச்சிருக்கணுமில்ல? குளுகுளுன்னு போலாமேன்னு எனக்கும் ஆசையா இருந்துச்சுங்க. அதான் வாய மூடிக்கிட்டேன்."

இத்தனை மாதமும் அவள் அதைச் சுமந்துகொண்டிருந்தாள். நான் என்னுடையதைச் சுமந்துகொண்டு கடத்தூரில் கிடந்தேன். "உம்மேல என்னம்மா தப்பு?" என்று கேட்டேன். மழைச் சத்தத்தில் அவள் காதில் விழுந்ததோ என்னவோ. இருவரும் கொட்டகையில் மாடுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காமல் அழுதோம். கல்லறையில்கூட நாங்கள் சேர்ந்து அழவில்லை.

மறுநாள் என்னோடு வந்தாள். பிரித்துப் போட்ட காரை மறுபடி நான் பூட்டவில்லை. பொம்மிடிக்காரர் ஒருவர் உதிரிபாகங்களுக்காக லாரியில் ஏற்றிப் போனார். கார் நின்ற இடத்தில் என் மனைவி அவரைக் கொடியும் பூசணியும் போட்டாள். அதற்கப்புறம் ஏசி என்று யார் வந்தாலும் தெரியாது என்று அனுப்பிவிடுவேன். ரேடியேட்டர் வேலை வந்தால் மட்டும், கேட்காவிட்டாலும் எல்லாவற்றையும் கழற்றி உள்பக்கம் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை.