புகைக்கூண்டு ஈயம்

முருகையா எங்கள் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கூரை வேலை செய்பவர். ஆலைத் தகரம், தொழிலாளர்களின் லயத்து வீடு, மானேஜர் துரை பங்களாவின் புகைக்கூண்டு, எது ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். என் மனைவி மலரின் அண்ணன்.

மலர் புற்றுநோயில் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. எத்தனையோ தடவை அவளுக்கு சிடி ஸ்கேன் எடுத்தோம். அந்தக் கதிர்தான் அவளைத் தின்றுவிட்டது என்று மச்சான் நம்பினார். அதனால், தன் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்து டாக்டர் ஸ்கேன் கேட்டபோது, மாட்டேன் என்றார்.

"ஒரு தங்கச்சிய குடுத்தது பத்தாதா, மாப்ள?"

மலருக்கு நோய் இருப்பதே தாமதமாகத்தான் தெரிய வந்தது. அதை நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் திடீரென்று, "சரி, போலாம் லா" என்றார்.

மலைக்குக் கீழே ஈப்போ ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பெண் பூவிழி, எங்கள் மலையிலுள்ள பிரிஞ்சாங்கில் பிறந்தவள். உடம்பில் நகை, இரும்பு எதுவும் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார். நெஞ்சைச் சுற்றியிருந்த துணிக்கட்டு முதுகுவலிக்கு என்றார்.

சற்று நேரத்தில் அவள் என்னைக் கண்ணாடித் தடுப்பு வைத்த தன் அறைக்குக் கூப்பிட்டாள். திரையில், மச்சானின் நெஞ்சுக்கு நடுவே பளீரென்று ஒரு வெள்ளைச் சதுரம். போய்க் கட்டை அவிழ்த்தோம். உள்ளே மடித்துத் தைத்த ஈயத்தகடு.

"இது என்ன அங்கிள்?"

"துரை பங்களா புகைக்கூண்ட சுத்தி மழைத்தண்ணி எறங்காம அடிச்சிருந்தது. ஈயத்த தாண்டி கதிரு வராதுல்ல? நீங்களே கோட்டு மாதிரி போட்டுக்கிறீங்க."

பூவிழி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மிஷின் மொதல்ல லேசா ஒரு படம் எடுத்து ஆள அளக்கும். அத வச்சித்தான் கதிர் எவ்ளோன்னு முடிவு பண்ணும். இந்தத் தகட்ட பாத்தா, ஆளு ரொம்ப தடின்னு நெனச்சி கூட்டி விட்ரும்."

"அப்ப கூடுதல் கதிர நானே இழுத்து விட்டுக்க பாத்தேனா?"

"இன்னும் இல்ல. கழட்டியாச்சில்ல."

"கதிர கொறைச்சா படம் தெரியுமா?"

"நுரையீரல் முழுக்க காத்துதான? கொஞ்சமே போதும். படம் மணல் மணலா வரும், அத கம்ப்யூட்டர் சலிச்சிரும். டாக்டருக்கு வேண்டிய புள்ளி மறையாது. மூச்ச பிடிச்சிக்கிட்டு ஆடாம படுங்க. ஆடுனா மறுபடியும் எடுக்கணும்."

படுத்தவர் தலையைத் திருப்பினார். "என் தங்கச்சிய இதுதான கொண்டு போச்சி?"

"இல்ல அங்கிள். கதிர் கெடுதல் பண்ணுனாக்கூட அதுக்கு பல வருஷம் ஆவும். அவங்கள கொண்டு போனது நோய்தான்."

அவர் தலையை நேராக்கி மூச்சைப் பிடித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் மூச்சைப் பிடித்திருந்ததை, அவள் விடச் சொன்னபோதுதான் உணர்ந்தேன்.

டாக்டர் படத்தைக் காட்டினார். புள்ளி தெளிவாகத் தெரிந்தது. எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு, சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

காரில் மலையேறும்போது மச்சான் மலரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். ஸ்கேனைப் பற்றி அல்ல. சின்ன வயதில் அவர் கூரைமேல் இருக்கும்போது அவள் ஏணியை எடுத்து ஒளித்துவைத்தது, ஒரு மாம்பழம் தருவதாகச் சொன்ன பிறகே திருப்பி வைத்தது. எனக்குத் தெரியாத கதை.

மலைமேல் கியா பார்ம் ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மடியிலிருந்த ஈயத்தகட்டை அவர் ஒரு தடவை பார்த்தார்.

"மாப்ள, கொஞ்சம் வேகமா போங்க. இந்நேரம் துரை வீட்டு ஹால்ல ஊத்தும்."