செந்தில் எண்ணுக்குப் போன ஆல்பம்

வெள்ளிக்கிழமை புது ப்ராக்ரெசிவ் மெட்டல் இசை ஆல்பம் வந்தால் உடனே நண்பன் செந்திலுக்கு அனுப்புவது பத்து வருடப் பழக்கம். இன்றும் காந்திபுரத்தில் பஸ் ஏறியதும் கை அதுபாட்டுக்கு அனுப்பிவிட்டது.

செந்தில் இறந்து நாற்பது நாள் ஆகிறது.

உக்கடம் தாண்டுவதற்குள் பதில் வந்தது. அவன் மனைவி மேகலா.

"அண்ணா, போன் எங்கிட்டத்தானுங்க இருக்குது. மொதப் பாட்டே பதினெட்டு நிமிசமுங்களா?"

"ஆமாம்மா. பழக்கத்துல அனுப்பிப்போட்டேன்."

"இருக்கட்டுங்ணா, கேட்டுட்டுத்தான் இருக்கறேன். இந்தக் கத்து கத்தறாங்களே, இதுல அவருக்கு என்னங்ணா புடிச்சுது?"

அழுகைகூட வரவில்லை. டிக்கெட்டை மடித்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு இன்னொன்று வந்தது: "அடுத்த வாரமும் அனுப்புங்ணா. கொஞ்சம் கத்தாததா."

கத்தாத மெட்டல் ஆல்பம் ஏதாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். இந்த மாதிரி கேள்விக்கெல்லாம் நான் செந்திலைத்தான் கேட்பேன்.