பெரிய வெள்ளியன்று அடைபட்ட சாலை

சென்ற பெரிய வெள்ளி, மும்மணி ஆராதனையின் நடுவில் என் கணவருக்கு நெஞ்சு அடைத்தது. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தைக்கான பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். சட்டை முழுக்க வியர்வை. வெளியே போகலாம் என்று ஜாடை காட்டினேன்.

“ஒண்ணுமில்ல எஸ்தரு. வெறும் வயிறு, கேஸு. கஞ்சி குடிச்சா சரியாயிரும்.”

நானும் நம்பினேன். உபவாச நாளில் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஏழாம் வார்த்தை முடியும்வரை உட்கார்ந்தே இருந்தோம். ஆராதனை முடிந்து கோயில் வளாகத்தில் கஞ்சி ஊற்றினார்கள். இரண்டு வாய் குடித்திருப்பார். டம்ளர் கையிலிருந்து நழுவியது. இடது கை மரத்துப்போகிறது என்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

அவருக்கு இங்கே தெலுங்கு மண்ணில், ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் வேலை. ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு கம்பெனி மெடிக்கல் திட்டத்தில் தொடர்வதா, மகள் பிளெஸ்ஸியின் ஆபீஸ் இன்ஷூரன்ஸே போதுமா என்று மாதக்கணக்கில் வீட்டில் சண்டை. கம்பெனி திட்டம் சாகும்வரை கூட வரும். ஆனால் முதலில் கம்பெனியின் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார வேண்டும், அவர்கள் கடிதம் கொடுத்தால்தான் பெரிய ஆஸ்பத்திரி. பிளெஸ்ஸியின் இன்ஷூரன்ஸில் நேரே பெரிய ஆஸ்பத்திரி, தனி அறை. ஆனால் அவள் வேலை இருக்கும்வரைதான். இவருக்குக் கம்பெனி திட்டம்தான், அவளுக்குத் தன் இன்ஷூரன்ஸ்தான்; இரண்டு பேர் சொல்வதும் நியாயம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான்.

அந்தச் சண்டை அன்று எங்களோடு காரிலும் ஏறிக்கொண்டது. பிளெஸ்ஸிதான் ஓட்டினாள்.

“நம்ம ஆஸ்பத்திரிக்கு விடு பிள்ள,” என்றார் இவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

“நக்கோ டாடி, வேணாம்! அங்க ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட் லேரு, ஒருத்தரும் இல்ல. என் ஹாஸ்பிடல் போலாம். மம்மி, நீங்க சொல்லுங்க!”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இடப்பக்கம் திரும்பினால் டவுன்ஷிப் ஆஸ்பத்திரி, பக்கத்திலேயே. நேரே போனால் மியாபூரையும் தாண்டி அவள் ஆஸ்பத்திரி. தப்பாகச் சொன்னால் இவர் இருக்க மாட்டார். கண்ணை மூடினேன். “ஆண்டவரே, எனக்குப் புத்தி போதாது. ஒரு வழியை அடைத்துவிடும்.”

கண்ணைத் திறந்தேன். முன்னால், நேர் ரோட்டை நிறைத்துக்கொண்டு கத்தோலிக்கரின் சிலுவைப் பாதை ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. ஒரு வண்டியும் நகரவில்லை.

“இடப்பக்கம் திருப்பு,” என்று கத்தினேன்.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். ஹார்ட் அட்டாக். டியூட்டி டாக்டர் உடனே இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டார். நேரே அவ்வளவு தூரம் போயிருந்தால் வழியிலேயே இழந்திருப்பீர்கள் என்றார். ஆனால் மிச்ச அடைப்பை எடுக்க அங்கே வசதி இல்லை. கம்பெனி அனுப்பும் ஆஸ்பத்திரியில் அன்று படுக்கையும் இல்லை. பிளெஸ்ஸி அதற்குள் தன் ஆஸ்பத்திரியோடு பேசி எல்லாம் தயார்செய்திருந்தாள். ஆம்புலன்ஸ் கிளம்பியபோது ஊர்வலம் போய்விட்டிருந்தது.

அங்கே போனால், சர்க்கரை எத்தனை வருஷமாக இருக்கிறது என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கேள்விமேல் கேள்வி. செலவுக்கு அவர்கள் அனுமதி வரவில்லை. டாக்டர்கள் அதற்காகக் காத்திருக்காமல் உள்ளே கொண்டுபோனார்கள். மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நானும் பிளெஸ்ஸியும் கைகோர்த்து நின்றோம். எனக்கு ஜெபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது. அதையும் ஆண்டவர் ஜெபமாகவே எடுத்துக்கொண்டார். அடைப்பு நீங்கிவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னார். அனுமதி அதற்குப் பிறகு ஆடி அசைந்து வந்தது.

ரிட்டயர் ஆனதும் இவர் கம்பெனி திட்டத்தில் சேர்ந்தார். இந்த முறை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே பிளெஸ்ஸிதான். சில மாதங்களில் அவள் ஆபீஸில் ஆட்குறைப்பு. வேலையோடு இன்ஷூரன்ஸும் போனது. வேறு வேலை கிடைக்கும்வரை இவருடைய மாத்திரையும் பரிசோதனையும் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில்தான். “நான் அப்பவே சொன்னேன்ல” என்று இவர் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. இவரை அறிந்தவர்களுக்கு இதுவே தனி அற்புதம் என்று தெரியும்.

பிரியமானவர்களே, உபவாசம் என்று நெஞ்சுவலியைப் பொறுக்காதீர்கள்; ஆராதனை நடுவில் எழுந்து போனால் ஆண்டவர் கோபிக்க மாட்டார். பிள்ளைகளின் இன்ஷூரன்ஸ் இருக்கிறதென்று உங்கள் திட்டத்தை விட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாத நேரம் வந்தால், வார்த்தை சரியா தப்பா என்று பார்க்காமல் ஆண்டவரிடம் கேட்டுவிடுங்கள். இரண்டு வழியும் தேவைப்பட்ட நாளில் ஒன்றை அடைக்கச் சொன்னவள் நான். அவர் அதை வேண்டிய நேரம் மட்டும் அடைத்து, பிறகு திறந்துவிட்டார்.