கல்லறை நிலத்தில் கடுகுக்கீரை

வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் ஒரு பெண், சட்டைக்குக் கஞ்சி போடுகிற ஸ்டார்ச் மாவைக் கட்டி கட்டியாக எடுத்து, வாயில் போட்டு நறநறவென்று கடித்துத் தின்கிறாள். பார்க்கிற நீங்கள் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்களா? அறிவுகெட்டவள் என்று திட்டுவீர்களா? இல்லை, காலையில் அவள் தட்டில் என்ன இருந்தது என்று கேட்பீர்களா?

அமெரிக்காவின் தெற்கே, எங்கள் மிசிசிப்பி டெல்டாவில் முதல் இரண்டுக்கும் ஆள் தாராளமாக இருந்தது. மூன்றாவதைக் கேட்க அறுபதுகளின் கடைசி வரை யாரும் வரவில்லை. அந்தக் கேள்விக்கு வாய் திறந்து பதில் சொன்னவள் ஓசெல்லா பிக்கெட். அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓசெல்லா நெட்டையானவள். ஜோக் முடிவதற்கு முன்பே சிரித்துவிடுவாள். சர்ச்சில் சுருதி தப்பிப் பாடுவாள், அதுவும் எல்லாரையும் விட உரக்க. புருஷன் கிளியோட்டிஸ் பண்ணையில் டிராக்டர் ஓட்டினான். பண்ணை கொடுத்த இரண்டு அறை வீட்டின் வாசற்படி வரை பருத்தி. நாலு தக்காளிச் செடி வைக்க இடம் கிடையாது, வைக்கவும் கூடாது. முதலாளிக்குப் பருத்தி விளையாத மண் வீண் மண். களைக்கொல்லி மருந்தும் அறுவடை எந்திரமும் வந்த பிறகு பெண்களுக்கு வயல்வேலையும் போயிற்று. குளிர்காலத்தில் வீட்டில் சோளமாவும் வெல்லப்பாகும் தவிர வேறொன்றும் இருக்காது.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் மாதம் நிறையாமல், கைக்குள் அடங்கும் அளவில் பிறந்து, ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. இரண்டையும் எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் புதைத்தோம். "கர்த்தர் எடுத்துக்கொண்டார்" என்றார் எங்கள் சர்ச்சின் மூப்பர், டீக்கன் பியூஃபோர்ட் சைக்ஸ். கர்த்தர் மேல் பழி போடுவது சுலபம். அவர் வீட்டைக் காலி செய்யச் சொல்லமாட்டார். பண்ணை முதலாளி சொல்வார்.

மூன்றாவது முறை அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. இதுவும் போய்விடுமோ என்ற பயத்தில் அவள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஸ்டார்ச் பெட்டி கையை விட்டு இறங்கவில்லை.

எங்கள் பெண்கள் கர்ப்பத்தில் மண் தின்பவர்கள். எங்கள் கறுப்பு வண்டலை அல்ல. மேட்டுப்பக்கத்துச் சரிவில் கிடைக்கும் வெளிறிய களிமண். அங்கே இருக்கும் உறவுக்காரர்கள் அதை வினிகரும் உப்பும் தெளித்துச் சுட்டு, செருப்புப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். அது வராத நாட்களில் கடை ஸ்டார்ச். தின்றால் பிள்ளை வழுக்கிக்கொண்டு வெளியே வருமாம். சிவப்பாகவும் பிறக்குமாம்.

"மெதுவா தின்னு அண்ணி" என்பாள் கிளியோட்டிஸின் தங்கை வெர்டெல். "புள்ள இஸ்திரி போட்ட சட்டையோட பொறந்துரப் போவுது."

"பொறக்கட்டுமே. உங்கண்ணனுக்குத்தான் அப்படி ஒரு சட்டை வாய்க்கல."

அந்த வருடம்தான் எங்கள் ஊரில் மருத்துவ நிலையம் திறந்திருந்தது. நான் அப்போது கறுப்புப் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. பிப்ரவரியில் ஒருநாள் சர்ச் படிக்கட்டில் ஓசெல்லா மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். வெர்டெலும் நானும் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம்.

நர்ஸ் கார்லண்ட் எங்கள் மாவட்டத்துப் பெண்தான், மெம்ஃபிஸ் நகரத்தில் படித்துவிட்டுத் திரும்பியவள். ஓசெல்லாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க, மிஸ் ஓசெல்லா?"

"சோளரொட்டி. பாகு."

"முந்தாநாள்?"

"பாகு. சோளரொட்டி."

"சரி, வரிசையை மாத்தியிருக்கீங்க. வேற?"

ஓசெல்லா தரையைப் பார்த்தாள். வெர்டெல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சும்மா சொல்லுங்க. எங்கம்மா என்னை வயித்துல வச்சிக்கிட்டு ஒரு மலைச்சரிவையே தின்னு தீர்த்தவங்க."

"ஸ்டார்ச்சு" என்றாள் ஓசெல்லா. "ஒரு நாளைக்கு ஒரு பெட்டி."

நர்ஸ் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினாள். ரத்தத்தில் இரும்புச்சத்து வற்றினால் நாக்கு கண்டதையும் கேட்கும். கேட்டதைக் கொடுத்தால் வயிறு நிறையும், ரத்தம் நிறையாது. களிமண் இன்னும் மோசம், சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச இரும்பையும் ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்ளும். ரத்தம் வற்றிய தாய்க்குப் பிள்ளை மாதம் நிறையாமல் பிறக்கலாம், எடை குறையலாம். பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாய் தாங்கமாட்டாள்.

"அப்ப என் ரெண்டு புள்ளைங்களையும் நாந்தான் கொன்னேனா?"

"இல்ல. உங்க தட்டைக் காலி பண்ணினது நீங்க இல்ல." நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டும் ஏன் போச்சுன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இதுக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கு. மாத்திரை தர்றேன், பால்பவுடர் தர்றேன். கீரை, பயறு, முட்டை சாப்பிடணும்."

"எங்க போய்ப் பறிக்க, மிஸ் கார்லண்ட்? பருத்திச் செடியில காய்க்குதா?"

நர்ஸ் அந்தக் கேள்வியை விடவில்லை. அடுத்த புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வந்து எழுந்து நின்றாள். சர்ச்சுக்குப் பின்னால், கல்லறைகளுக்கு அப்பால் காலியாகக் கிடக்கிற நிலத்தில் கர்ப்பிணிகளுக்காகக் கீரையும் பயறும் போடலாமா என்று கேட்டாள். எந்த முதலாளிக்கும் சொந்தமில்லாத மண் எங்களுக்கு அது ஒன்றுதான்.

டீக்கன் சைக்ஸ் எழுந்தார். "சிஸ்டர், அது அடக்கத்துக்குன்னு ஒதுக்கின நிலம். நம்ம தாத்தாமாரு பிரதிஷ்டை பண்ணினது. அதுல போயி முள்ளங்கி போடுறதா?"

"கடுகுக்கீரை, டீக்கன்."

"ரெண்டும் ஒண்ணுதான். நாளைக்கு நான் செத்தா என்னை எங்க வைப்பீங்க? பாத்தியிலயா?"

பின்வரிசையில் ஓசெல்லா எழுந்தாள். பாட்டைத் தவிர சர்ச்சில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

"டீக்கன், எனக்கு அந்த நிலத்துல ரெண்டு பேரு இருக்காங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்தே ஒரு முழம் இடந்தான் புடிச்சாங்க. செத்தவங்களுக்கு நம்மகிட்ட இம்புட்டு நிலம் இருக்கு. பொறக்கப்போறதுக்கு ஒரு வரப்பு இல்லையா?" மூச்சு வாங்கியது, முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டாள். "இதையும் கொண்டாந்து அங்கயே வைக்கத்தான் இடம் வச்சிருக்கீங்கன்னா, இப்பவே சொல்லிருங்க."

கூட்டம் ஜெபம் சொல்லாமலே கலைந்தது.

சனிக்கிழமை காலையில் நாங்கள் மண்வெட்டிகளோடு போனபோது டீக்கன் சைக்ஸ் எங்களுக்கு முன்பே தன் கோவேறு கழுதையை ஏரில் பூட்டி நின்றிருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "வேலியோரத்துல எனக்கு ஆறடி விட்டுருங்க" என்று மட்டும் சொன்னார். நான் பக்தி இல்லாதவள், அதை மறைத்ததுமில்லை. ஆனால் தன் மனதை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் கழுதையோடு வந்து நிற்கிற மனிதனுக்கு நான் தலை வணங்குவேன்.

கடுகுக்கீரை மார்ச்சிலேயே முளைத்துவிட்டது. நெருக்கமாக முளைத்த கன்றுகளைக் களைந்து முதல் சட்டியை வேக வைத்தோம். பெண்கள் ஆளுக்கொரு கோழி கொண்டுவந்து விட்டார்கள். அவை பிரசங்கத்தின் நடுவில் வாசல் வழியாக எட்டிப்பார்க்கும். கோடையில் காராமணி காய்த்தது. மாத்திரையை முழுங்கினாளா என்று பார்க்க வெர்டெல் ஓசெல்லாவின் வாயைத் திறக்கச் சொல்லி மிரட்டுவாள்.

மே மாதத்தில் மேட்டுப்பக்கத்து அத்தையிடமிருந்து செருப்புப் பெட்டி வந்தது. வெர்டெல் மூடியைத் திறந்து நீட்டினாள். நானும் பக்கத்தில் இருந்தேன். ஓசெல்லா ஒரு துண்டை எடுத்தாள், மோந்தாள், கடித்தாள். உடனே துப்பினாள்.

"என்ன அண்ணி?"

"மண்ணு மாதிரி இருக்குடி."

"மண்ணுதானே அது!"

"இத்தனை நாளா தெரியலயே!"

மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஓசெல்லா அந்தக் களிமண்ணைப் பொடித்துக் குழைத்துக் கோழிக்கூட்டின் ஓட்டையை அடைத்தாள்.

ஜூலையில் மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. கனமான குழந்தை, ஊரைக் கூட்டும் தொண்டை. ஓசெல்லாவுக்கு ரத்தம் போனது. ஆனால் அவள் தாங்கினாள். கண் திறந்ததும் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார் டீக்கன்.

"சொல்லுங்க டீக்கன்" என்றாள் வெர்டெல். "அப்படியே கோவேறு கழுதைக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

குழந்தைக்கு ரோசெட்டா என்று பெயர் வைத்தார்கள். ஊர் 'கடுகு' என்றே கூப்பிட்டது, இன்றும் கூப்பிடுகிறது.

கீரை அற்புதம் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரை செய்தது, பால் செய்தது, ஒருத்தி அக்கறையோடு கேட்ட கேள்வி செய்தது. அந்தப் பாத்தி வந்த பிறகும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. பிழைத்த பிள்ளைகளுக்கும் கருவில் பட்ட பட்டினி பிறப்போடு முடிவதில்லை. மெலிந்து பிறந்த பல பிள்ளைகளுக்கு அது நடுவயதில் சர்க்கரையாகவும் ரத்தக்கொதிப்பாகவும் திரும்பி வருகிறது. ஒரு பெண்ணின் தட்டைப் பிடுங்குகிறவன் இரண்டு ஆயுளைப் பிடுங்குகிறான்.

ஓசெல்லா பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் சர்ச்சில் ஒரு பெரிய சட்டி வைத்தாள். முழுகாமல் இருக்கிற யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். என் இரண்டு மகன்களும் வயிற்றில் இருந்தபோது நானும் அங்கேதான் உட்கார்ந்தேன். "டீச்சரம்மா, அடிச்சட்டியைச் சுரண்டாதீங்க, பின்னாடி ஆளு இருக்கு" என்று என்னை விரட்டியிருக்கிறாள். இன்று என் மகன்கள் திடகாத்திரமாக நடக்கும்போது அந்தச் சட்டியின் வாசனை எனக்கு வருகிறது.

போன இலையுதிர்காலத்தில் அவள் போய்விட்டாள். "என்னை டீக்கனுக்குப் பக்கத்துல வேலியோரமா வைங்க, பாத்திக்குள்ள ஒரு அடி வரக்கூடாது" என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள். அப்படியே செய்தோம். அன்று மழை. கீரை பச்சென்று நின்றது. ரோசெட்டா குனிந்து ஒரு கட்டுப் பறித்து, அங்கே நின்றிருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

உங்கள் தெருவிலும் மண்ணோ சாம்பலோ பச்சரிசியோ தின்கிற கர்ப்பிணி இருப்பாள். சிரிக்காதீர்கள், திட்டாதீர்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், அவள் தட்டில் ஏதாவது வையுங்கள். பிறகு, அந்தத் தட்டைக் காலி செய்தது யார் என்று எழுந்து நின்று கேளுங்கள்.